மிளகாய் நாற்றில் கோளாறா? விதை முதல் காய் வரை அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நாற்று வாடினாலோ இலை சுருண்டாலோ பலருடைய கை முதலில் மருந்துப் புட்டிக்குத்தான் போகிறது. அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: இது எந்த மிளகாய்? மிளகாய் என்ற ஒரே பெயருக்குள் ஐந்து பயிரினங்கள் இருக்கின்றன. ஓர் இனத்தில் நோயாகத் தெரிவது இன்னோர் இனத்தில் இயல்பு. பல வகைகளைச் சேர்த்து வளர்க்கிறவர்கள் இழக்கும் நாற்றுகளில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்தில் போகின்றன என்பது என் எண்ணம்.

குடைமிளகாய், ஜலபீனோ, கயென் முதலியவை கேப்சிகம் ஆன்னுவம் என்ற இனம். ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட், பூத் ஜோலோகியா, கரோலினா ரீப்பர் ஆகியவை சைனென்ஸ். டபாஸ்கோவும், வானம் பார்த்துக் காய்க்கும் சிறுமிளகாய்கள் சிலவும் ஃபுருட்டெசன்ஸ். அஹி அமரிலோ பக்கேட்டம் இனத்தைச் சேர்ந்தது. வெள்ளை இதழ்களில் மஞ்சள் அல்லது பச்சைத் திட்டு இருப்பது இதன் அடையாளம். ரொகோட்டோவின் இனம் பியூபெசன்ஸ். கறுப்பு விதை, ஊதாப் பூ, ரோமம் படர்ந்த இலை என்று இது தனித்தே தெரியும். உங்கள் நாற்று இவற்றில் எது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளைப் பாருங்கள்.

விதை முளைக்கவே இல்லை

விதைத்து எத்தனை நாளாயிற்று என்று முதலில் எண்ணுங்கள். ஆன்னுவம் இனம் நல்ல சூட்டில் 7 முதல் 14 நாளுக்குள் தலைகாட்டிவிடும். சைனென்ஸ் இரண்டு வாரத்தில் வந்தால் நல்லது. ஐந்து வாரம் எடுத்துக்கொண்டாலும் அதில் தவறில்லை. சில்டெபின் போன்ற காட்டு மிளகாய்கள் அதற்கு மேலும் காக்க வைக்கும். பதினைந்தாம் நாளில் ஹபனேரோ தட்டைக் கொட்டிவிடுகிறவர்கள் உயிருள்ள விதையைத்தான் கொட்டுகிறார்கள்.

அடுத்து சூடு. அறையின் வெப்பநிலையை அளந்து பயனில்லை; விதை கிடக்கும் ஊடகத்துக்குள், அதாவது தட்டில் நிரப்பிய மண் அல்லது நார்க்கழிவுக்குள், வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் ஊடகம் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தே இருக்கும். ஆன்னுவம் விதைகள் 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய எட்டு நாளில் முளைக்கின்றன. 20 டிகிரியில் அதே விதைக்கு 12, 13 நாள் ஆகிறது. 15 டிகிரிக்கு இறங்கினால் 25 நாள். 10 டிகிரியில் முளைப்பதே இல்லை, 40 டிகிரியிலும் இல்லை. எனவே அதிகச் சூடும் ஆபத்துதான். கண்ணாடி மூடி போட்ட தட்டை நேர்வெயிலில் வைத்தால் உள்ளே 40 டிகிரியை எட்ட அதிக நேரம் ஆகாது. சூடேற்றும் விரிப்பு பயன்படுத்துகிறவர்கள் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

நாளும் சரி, சூடும் சரி, இன்னும் ஒன்றும் வரவில்லை என்றால் விதையை எடுத்துப் பார்க்கலாம். ஒரு குழியின் மண்ணை மெல்ல விலக்கி, விதையை விரல்நுனியால் அழுத்துங்கள். கெட்டியாக எதிர்த்து நின்றால் உயிர் இருக்க வாய்ப்புண்டு, மூடிவிட்டுப் பொறுங்கள். கூழாகப் பிதுங்கினால் அழுகிவிட்டது என்று பொருள். காரணம் பெரும்பாலும் ஈரம் மிகுந்ததுதான். ஊடகத்தைக் கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வரக்கூடாது. விதையின் ஆழம் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை போதும்.

விதையின் தரத்தில் ஐயம் இருந்தால் பத்து விதைகளை ஈரமான டிஷ்யூ தாளில் மடித்து, மூடிய டப்பாவில் வைத்து, அதே சூட்டில் சோதியுங்கள். நீரில் மிதக்கும் விதை சொத்தை என்ற பேச்சை மிளகாய்க்கு நம்ப வேண்டாம். நன்கு உலர்ந்த மிளகாய் விதை நல்ல விதையாக இருந்தும் மிதக்கும். பச்சைக் காயிலிருந்து எடுத்த விதை பெரும்பாலும் முதிராதது, முளைப்பது அரிது. சமையலுக்கான வற்றலிலிருந்து எடுத்தது முளைக்கவும் செய்யலாம். அதிகச் சூட்டில் இயந்திரத்தில் உலர்த்தியதாக இருந்தால் கரு செத்திருக்கும். சாதாரணமாகச் சேமித்த விதைக்கு இரண்டு மூன்று ஆண்டு ஆயுள் என்று கொள்ளலாம். பழைய விதையையும் சைனென்ஸ் விதையையும் வெதுவெதுப்பான நீரில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து விதைப்பது நல்லது. அதற்கு மேல் ஊறினால் காற்றில்லாமல் மூச்சுமுட்டிப் போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு இனங்களை ஒரே குழித்தட்டில் விதைக்காதீர்கள். ஜலபீனோ முளைத்து வெளிச்சமும் காற்றும் கேட்கும் நாளில் ஹபனேரோவுக்கு இன்னும் மூடியும் சூடும் தேவைப்படும். மூடினால் முளைத்தது அழுகும், திறந்தால் முளைக்காதது காயும்.

முளைத்துவிட்டது, தலையில் விதை ஓடு ஒட்டிக்கொண்டிருக்கிறது

தண்டு நிமிர்ந்திருக்கும். வித்திலைகள் விரிய முடியாமல் மஞ்சள் ஓட்டுக்குள் நுனி மாட்டிக்கொண்டு வளைந்து நிற்கும். மேலாக விதைத்ததாலும், முளைக்கும் நேரத்தில் மேல்மண் காய்ந்ததாலும் இப்படி ஆகிறது. மண்ணில் உரசி மேலே வரும்போதுதான் ஓடு கழன்று விழும்.

உடனே பிய்க்காதீர்கள். ஒரு சொட்டு நீரை ஓட்டின் மேல் விட்டு, தட்டை மூடி, சில மணி நேரம் ஊறவிடுங்கள். பெரும்பாலும் மறுநாள் தானாகக் கழன்றிருக்கும். கழலாவிட்டால் ஊறிய ஓட்டின் விளிம்பைச் சாமணத்தால் பிடித்து, மற்றொரு கையால் தண்டைத் தாங்கிக்கொண்டு, வித்திலை நீளும் திசையிலேயே உருவுங்கள். ஓடு போன பிறகும் மெல்லிய சவ்வு ஒன்று இலைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதையும் நனைத்துத்தான் எடுக்க வேண்டும். வித்திலையின் நுனி கிழிந்தாலும் நாற்று பிழைத்துக்கொள்ளும். இரண்டு வித்திலைகளுக்கும் நடுவே உள்ள குருத்து முறிந்துவிட்டால் பிழைப்பது அரிது.

நேற்று நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கிறது

இது நாற்றழுகல் நோய். தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே நீர் கோத்தாற்போல ஒரு மங்கல் தெரியும். பிறகு அந்த இடம் பழுப்பாகி நூலளவுக்கு ஒடுங்கும். மேலே வித்திலைகள் அப்போதும் பச்சையாகவே இருக்கும். அதனால்தான் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றிவிடுகிறோம். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்கள் காரணம். தேங்கிய ஈரமும் அசையாத காற்றும் அவற்றுக்கு வாய்ப்பு.

சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. சுற்றியுள்ள ஊடகத்தோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். தட்டின் மூடியைத் திறங்கள். சிறு மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். மேற்பரப்பு வெளிறும் வரை தண்ணீர் வேண்டாம். அதன்பின் அடியிலிருந்து நீர் உறிஞ்சவிட்டு, மிச்சத்தை வடித்துவிடுங்கள். அடுத்த விதைப்பில் தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, புதிய ஊடகத்தை நிரப்பி, விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தின் பொடியைக் கலந்து விதையுங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பரிந்துரை. ஒரு பொட்டலம் விதைக்கு மேலே தூவிப் புரட்டும் அளவு போதும். சைனென்ஸ் விதைகள் ஈரத்தில் அதிக நாள் கிடப்பதால் அவற்றுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

ஊடகத்தின் மேல் சின்னஞ்சிறு கறுப்புக் கொசுக்கள் பறந்தால் அவற்றின் புழுக்கள் இளம் வேரைத் தின்கின்றன. மேல்மண்ணைக் காயவிடுவதும் மஞ்சள் ஒட்டும் அட்டை வைப்பதும் போதும்.

தண்டு நூலாக நீள்கிறது

வெளிச்சம் போதவில்லை. ஜன்னலோரம் நமக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் நாற்றுக்கு அது அரைவயிறுதான். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். விளக்கில் வளர்த்தால் ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். முளைத்த பிறகு அடிச்சூட்டை நிறுத்திவிடுங்கள்; சூடு மிகுந்து வெளிச்சம் குறைந்தால் நாற்று இன்னும் வேகமாக நீளும். நீண்டுவிட்டதை அடுத்த தொட்டிக்கு மாற்றும்போது வித்திலைக்குச் சற்றுக் கீழ்வரை மண்ணில் புதைத்து நடலாம்.

வித்திலையோடு அப்படியே நின்றுவிட்டது

சைனென்ஸ் என்றால் கலங்க வேண்டாம். மேலே ஒன்றும் நடக்காதது போல இரண்டு வாரம்கூட நிற்கும். அந்த நாட்களில் அது வேரைத்தான் வளர்க்கிறது. ரொகோட்டோவும் நிதானமானதே. பக்கத்துத் தட்டில் ஜலபீனோ நான்கு இலை விட்டுவிட்டதே என்று இதற்கு உரம் ஊட்டினால் இளம் வேர் கருகும்.

உண்மையான தேக்கத்தை வேரில் பார்க்கலாம். நாற்றைக் குழியோடு வெளியே தள்ளிப் பாருங்கள். வேர் வெண்மையாகப் படர்ந்திருந்தால் காத்திருங்கள். பழுப்பாகிக் கையோடு உரிந்து வந்தால் நீர் தேங்கியிருக்கிறது. வேர் நன்றாக இருந்தும் முதல் உண்மை இலைகள் (வித்திலைக்கு அடுத்து வருபவை) வெளிறி நின்றால் பசி. தென்னை நார்க்கழிவில் சத்து மிகக் குறைவு. அதில் மட்டும் வளரும் நாற்றுக்கு, உண்மை இலை வந்த பிறகு, பொட்டலத்தில் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்கு திரவ உரம் வாரம் ஒரு முறை கொடுக்கலாம். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். மேற்பரப்பில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் நல்ல நீரை ஊற்றி அடிவழியாக வெளியேற்றுங்கள்.

இலையின் நிறம் மாறுகிறது

ஊதா நிறம் பலரைப் பயமுறுத்துகிறது. சில வகைகளில் கணுவும் தண்டும் பிறவியிலேயே ஊதா. வலுவான விளக்கின் கீழும் அந்த நிறம் ஏறும். வளர்ச்சி சுறுசுறுப்பாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இலையின் அடிப்புறமும் நரம்பும் மங்கிய ஊதாவாகி வளர்ச்சியும் நின்றிருந்தால் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறை. ஆனால் மணிச்சத்து மண்ணில் இருந்தும் குளிர்ந்த வேரால் அதை எடுக்க முடியாமல் போவதே வழக்கம். ஆகவே உரத்துக்கு முன் வேரைச் சூடாக்குங்கள்.

மஞ்சளுக்கு ஒரு விதி உண்டு. அடி இலைகள் முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை அல்லது நீர் மிகுதி. அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. அதே தோற்றம் கொழுந்தில் வந்தால் இரும்பு. கார அமிலத் தன்மை (pH) 7-ஐத் தாண்டிய மண்ணில் அல்லது கடினநீர் ஊற்றும் தொட்டியில் இது நேரும். மிளகாய்க்கு 6 முதல் 6.8 வரை ஏற்றது. சைனென்ஸ் இலை இயல்பாகவே ஜலபீனோ இலையைவிட வெளிர்பச்சை என்பதையும் மறக்க வேண்டாம்.

இலையின் அடியில் வெள்ளை மணல் ஒட்டியது போலச் சிறு பருக்கள் தெரிந்தால் பூச்சி முட்டை என்று முடிவுகட்டாதீர்கள். தேய்த்தால் வராது என்றால் அது நீர்க்கொப்புளம். வேர் உறிஞ்சும் நீரை இலை வெளியேற்ற முடியாதபோது வருவது. நீரைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டினால் புதிய இலைகள் சுத்தமாக வரும்.

இலை சுருள்கிறது

எல்லா அறிகுறிகளிலும் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். உச்சிவெயிலில் சுருண்டு மாலையில் விரிந்துவிட்டால் வெப்பத் தற்காப்பு. நிழலும் நீரும் போதும். ஹபனேரோ வகைகளின் இலை நரம்புகளுக்கு இடையே பிறவியிலேயே மேடுபள்ளமாக இருக்கும். கொழுந்து நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தால் அது நோயே இல்லை. கொழுந்து நாளுக்கு நாள் சிறுத்தால்தான் தேடத் தொடங்க வேண்டும்.

இலை விளிம்பு மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்தின் கீழே பிடித்து, செடியை விரலால் இரண்டு முறை சுண்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வைக்கோல் நிறத் துணுக்கு ஒன்று நகர ஆரம்பித்தால் விடை கிடைத்துவிட்டது. இலையடியில் வெள்ளி நிறக் கீறலும் கரும்புள்ளி போன்ற எச்சமும் இருக்கும்.

விளிம்பு கீழ்நோக்கி, கவிழ்த்த படகு போல மடிந்து, கொழுந்திலை குறுகித் தடித்து, அடிப்புறம் வெண்கல நிறத்தில் பளபளத்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இது ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான், வெறுங்கண்ணால் தேடிப் பயனில்லை. வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடிக்குச் செடி போகும் பூச்சி இது. வைரஸ் என்று நினைத்து இதற்குப் பலியான செடிகளைப் பலர் பிடுங்கியிருக்கிறார்கள். அவை பிழைத்திருக்கக் கூடியவை. பாதித்த கொழுந்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, நனையும் கந்தகத்தைப் பொட்டலத்தில் குறித்த அளவில் இலையடி நனையத் தெளியுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் வேண்டாம். எண்ணெய்த் தெளிப்புக்கும் கந்தகத்துக்கும் நடுவே இரண்டு வார இடைவெளி தேவை, இல்லையேல் இலை கருகும். இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டர் நீருக்கு 3 முதல் 5 மில்லிலிட்டர் வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடிக்கலாம். கண்டபடி வீரிய மருந்து அடிப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் செத்து, சிலந்தி பின்னர் பெருகும்.

கொழுந்து மஞ்சளோடி, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகப் புதர்போல் ஆகி, அருகே வெள்ளை ஈயும் இருந்தால் இலைச்சுருள் வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியை நீக்குவது மற்றவற்றைக் காக்கும்.

வெளியே வைத்ததும் இலையில் வெள்ளைத் திட்டு

வெயில் காயம். திட்டு மாறாது; புதிய இலை நன்றாக வரும். 7 முதல் 10 நாள், ஒரு மணி நேரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

பூத்துப் பூத்து உதிர்கிறது

பகல் 32 டிகிரிக்கு மேலும் இரவு 24 டிகிரிக்கு மேலும் போனால் மகரந்தம் பழுதாகிப் பூ உதிரும். இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலும் அப்படியே. ரொகோட்டோ குளிர்ந்த மலைப்பகுதிச் செடி. கோடையில் இலை செழித்துப் பூ உதிர்த்தால் அது பருவத்துக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவே. வெப்பநிலை சரியாக இருந்தும் கரும்பச்சை இலையோடு பூ உதிர்ந்தால் தழைச்சத்தைக் குறையுங்கள். காற்றில்லாத இடத்தில் முற்பகலில் செடியை மெல்ல அசைத்துவிடுவது உதவும். உள்ளங்கை உயரச் செடி பூத்தால் தொட்டி போதவில்லை என்று அர்த்தம். மொட்டைக் கிள்ளி, பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

காய்த்த பின் நுனி கறுத்து அமுங்கினால் சுண்ணாம்புச் சத்து நுனிவரை போய்ச் சேரவில்லை. ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்ற நீர்ப்பழக்கத்தை முதலில் திருத்துங்கள்.

காய் எதிர்பார்த்த வகையில் இல்லை

ஒரு பயத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். காரமிளகாய்க்குப் பக்கத்தில் நட்டதால் இந்த ஆண்டுக் குடைமிளகாய் காரமாகாது. காயின் சதை தாய்ச்செடியுடையது. அயல்மகரந்தம் மாற்றுவது உள்ளே இருக்கும் விதையைத்தான். அந்த விதையை அடுத்த ஆண்டு விதைக்கும்போது வேறுபாடு வெளிப்படும். காரத்துக்குப் பொறுப்பான ‘பன் 1’ மரபணு ஓங்கு தன்மை கொண்டது. ஆகவே இனிப்பும் காரமும் கலந்த விதையில் வரும் முதல் தலைமுறை முழுக்கக் காரமாகவே இருக்கும்; அதற்கடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒன்று காரமற்றதாக வரும்.

எனவே முதல் காயே வேறு வடிவில் வந்தால் பிழை விதையில் இருக்கிறது. பெற்ற விதை தேனீக்கள் கலந்துவிட்டதாக இருக்கலாம், எஃப்1 (இரு வகைகளைக் கலந்த முதல் தலைமுறை) கலப்பினக் காயிலிருந்து எடுத்ததாக இருந்து அந்த மறுதலைமுறை பல முகம் காட்டலாம், பெயரே மாறியிருக்கலாம். பூவைப் பாருங்கள். ஒரு கணுவில் இரண்டு மூன்று பூக்கள் சேர்ந்து வந்தால் சைனென்ஸ், இதழில் திட்டு இருந்தால் பக்கேட்டம். இனம் தவறா, வகை மட்டும் தவறா என்பது அங்கேயே தெளிந்துவிடும். பளிச்சென்ற நீல நிற மிளகாய் என்று படம் போட்டு விற்கும் விதையில் நீலக் காய் வராது. மிளகாயில் கருஊதா உண்டு, அந்த நீலம் இல்லை.

அடுத்த ஆண்டுக்கு நீங்களே விதை எடுக்கும்போது, மொட்டு விரிவதற்கு முன்பே ஒரு கிளையை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். மிளகாய் தன்மகரந்தச் சேர்க்கையிலேயே காய்க்கும். பையைத் தினமும் ஒரு முறை தட்டிவிட்டால் போதும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அதன் காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். காய் முழுதாகப் பழுத்து நிறம் மாறிய பிறகு, கையுறை அணிந்து விதையை எடுத்து, நிழலில் காயவையுங்கள். வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடியும் பக்குவம் வந்ததும் உறையிலிட்டு, இனம், வகை, ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். பை கட்டாத காயின் விதை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். அடுத்து விதைப்பவருக்குப் பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.